காரில் வரும் சாவி

எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அதன் முன்னால் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போய் உட்கார வேண்டும். நாற்காலியில் யாரும் இருக்க மாட்டார்கள். சிரிக்காதீர்கள். சர்க்குலர் அப்படி.

என் பெயர் மெர்சி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். ஊர் சவேரியார்குப்பம், கம்பெனியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துவிடலாம். எந்த மறைமாவட்டம் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் விளக்கம் கேட்டு அதற்கொரு சர்க்குலர் வரும்.

எங்கள் பங்குத்தந்தை அருட்தந்தை தானியேல். அவருக்குப் பெரிய கோயில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பாதி கட்டி நிற்கிற கல்யாண மண்டபம் இருக்கிறது. எங்களுடையது கிளைக்கோயில். நன்மைப் பாத்திரம் காலியானால் மட்டும் வருவார். நன்மை என்று நாங்கள் சொல்வது நற்கருணை அப்பத்தை. வந்து ஒரு பூசை வைப்பார். அடுத்த பல வாரங்களுக்குத் தேவையான அப்பத்தை மொத்தமாக அர்ச்சித்து, பேழையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். கம்பெனியில் இதைப் பல்க் ஆர்டர் என்போம்.

மற்ற ஞாயிறுகளில் ஊர்க்காரர் ஒருவர் முன்னால் நின்று செபம் சொல்லி, பைபிள் வாசித்து, பேழையைத் திறந்து அந்த அப்பத்தைக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர் நான்தான். ஃபாதர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், எனக்குத் தொண்டை பெரிது. லைனில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை.

ராணிப்பேட்டை தாண்டி ஒரு பயிற்சி இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இயக்குநராக இருந்த ஃபாதர் தொடக்க உரை ஆற்றினார்.

"அன்புச் சகோதர சகோதரிகளே, நீங்கள் குருக்கள் அல்ல. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடத்தப்போவது பூசை அல்ல. பூசை மாதிரி இருந்துவிடுமோ என்கிற பயம் உங்களுக்கு எப்போதும் இருக்க வேண்டும். தயவுசெய்து ரொம்ப நன்றாக நடத்திவிடாதீர்கள். நன்றாக நடத்தினால் மக்கள் திருப்தி அடைந்துவிடுவார்கள். மக்கள் திருப்தி அடைந்துவிட்டால் அப்புறம் நாங்கள் எதற்கு?"

கடைசி வரியைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார். பிறகு டீ இடைவேளை விட்டார்.

டீக்குப் பிறகு கை. குரு கையை விரித்துச் செபிக்கலாம், நாங்கள் விரிக்கக் கூடாது. கூப்பிய கை கூப்பியபடியே இருக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து வந்த ஒருவர் தறி ஓட்டுகிறவர். பாவம், 'செபிப்போமாக' என்றாலே அவருக்குக் கை தானாக இரண்டு பக்கமும் போய்விடும். ஒரு சிஸ்டர் அளவுகோலை எடுத்து வந்து அவர் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது குருத்துவ அளவு" என்றார்.

"கொட்டாவி வந்தா கைய எடுத்து வாய மூடலாங்களா சிஸ்டர்?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"அது பற்றி வழிகாட்டல் எதுவும் வரவில்லை. அதுவரை கொட்டாவியைத் தவிர்க்கவும்."

இன்னும் இருந்தது. குருவின் நாற்காலியில் உட்காரக் கூடாது. 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று சொல்லக் கூடாது. முக்கியமாக, சொந்தமாகப் பிரசங்கம் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்து, கையைக் கட்டிப்போட்டவள் மாதிரி நின்று வழிபாடு நடத்தினேன்.

பிரசங்கத்துக்கு ஃபாதர் தானியேல் ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை என் வாட்ஸ்அப்புக்கு ஆடியோ அனுப்புவார். ஞாயிறன்று அதை மைக்கில் போட வேண்டும். எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருப்பவர் தனகோடி. மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றுவதிலிருந்து எங்கள் கிறிஸ்துமஸ் வரைக்கும் அவர்தான். என் போனில் ஒயரைச் செருகி, முதல் பிரசங்கத்தைப் போட்டார்.

"கிறிஸ்துவில் பிரியமானவர்களே, நம் ஆண்டவர் பாலைநிலத்தில் கொளுத்தும் வெயிலில் நடந்தார்... டேய், ஏசிய ஜாஸ்தி பண்ணு, வேர்க்குது... கொளுத்தும் வெயிலில் நடந்தார்."

கோயிலே சிரித்தது. தனகோடி பதறிப்போய் ஆடியோவை நிறுத்தினார். மறுநாளே சர்க்குலர் வந்தது: பங்குத்தந்தையின் குரல் ஒலிக்கையில் அதை இடையில் நிறுத்துவது குற்றம், மக்கள் எழுந்து நின்று கேட்க வேண்டும், முடிவில் உரக்க 'ஆமென்' சொல்ல வேண்டும். எங்கள் ஜனங்கள் கம்பெனியில் ஹூட்டர் அடித்தால் எழுந்து, ஹூட்டர் அடித்தால் உட்கார்ந்து பழகியவர்கள். இரண்டே வாரத்தில் ஃபாதர் தும்மினாலும் ஆமென் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் கூட்டம் கூடிவிட்டது. கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி நேரத்தை மாற்றினேன். யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போனது என்று பெயர் சொல்லிச் செபித்தேன். அதற்கு விதியில் தடை இல்லை, போட மறந்துவிட்டிருந்தார்கள். என் லைனில் வேலை பார்க்கிற எழிலரசி ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஃபாதரைப் பார்த்து, வெள்ளை மனசோடு சொல்லிவிட்டாள்: "நீங்க வரலன்னாலும் பரவால்ல ஃபாதர். மெர்சி அக்கா சூப்பரா பண்ணுது."

அந்த வாரமே நாற்காலி வந்தது. தேக்கு மரம், சிவப்புத் தோல் மெத்தை. அதன் மேல் சாய்த்து வைக்க ஃபாதரின் படம் போட்ட பிளெக்ஸ். 'குரு இல்லாதபோதும் குருவின் பிரசன்னம்' என்று அதில் எழுதியிருந்தது. இதற்குத்தான் வணக்கம்.

நாற்காலிக்குப் பின்னாலேயே சாவி விஷயமும் வந்தது. பேழையின் சாவி அதுவரை என்னிடம் இருந்தது. இனி அது ஃபாதரிடம் இருக்கும் என்றார்கள். ஞாயிறு காலை சிவப்பு வெல்வெட் பெட்டியில் சாவியை வைத்து, அதை ஃபாதரின் காரில் பின்சீட்டில் வைத்து, டிரைவர் ஓட்டிக்கொண்டு வருவார். வழிபாடு முடிந்ததும் பெட்டி பின்சீட்டில் ஏறித் திரும்பிப் போகும்.

"ஏம்பா, அந்த சீட்டுல ஃபாதரும் உக்காந்துட்டு வரலாமில்ல?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ஃபாதருக்கு ஞாயித்துக்கெழம ரெஸ்ட் வேணும்கா. வாரம் பூரா ஒரே பங்ஷன்."

இதுவரைக்கும் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் தேவசகாயம் தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் ஓட்டியவர். சுண்ணாம்பும் ரசாயனமும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் அவர் கேட்பதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிறு வழிபாடு முடிந்ததும் நான் நன்மையை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் நாக்கில் வைப்பேன். அன்றைக்கு முழுக்க மூச்சிரைப்பு கம்மியாக இருப்பதாகச் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றாது. ஆனாலும் சொல்வார்.

அது ஃபாதர் காதுக்குப் போயிற்று. போன் செய்தார்.

"மெர்சி, சொந்தப் புருஷனுக்கு நீயே நன்மை குடுக்கறது மொறை இல்ல. வீட்டுச் சமையல் மாதிரி ஆயிடும். கடைசி எண்ணெ வெச்சு அவஸ்தை பூசுறதும் பாக்கி இருக்கு இல்ல? நானே வந்து, அவரு பாவத்தச் சொல்ல, பாவசங்கீர்த்தனம் கேட்டு, எல்லாம் சேத்து முடிச்சிடறேன். நாளைக்குக் காலைல."

தேவசகாயத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஃபாதரே வர்றேன்னாரா? நம்ம வூட்டுக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். கஞ்சி கொண்டுபோனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நன்மை வாங்கற வாயி. ஒண்ணும் படக் கூடாது."

"நோயாளிங்களுக்கு அந்தப் பட்டினி ஒறுத்தல் எல்லாம் இல்லைங்க. மாத்திரையாவது போட்டுக்குங்க."

"அது இப்போ வந்த சட்டம். எனக்கு எங்கம்மா சொன்ன சட்டம் போதும்."

மதியம் வரை பார்த்துவிட்டு ஃபாதருக்கு மெசேஜ் அனுப்பினேன். பதில் வந்தது: 'சற்றுப் பொறுமை. செபத்தில் நிலைத்திருங்கள்.' கீழே கும்பிடுகிற கை ஒன்று.

அடுத்த நாளும் அதே சட்டை, அதே பட்டினி, அதே பதில். ரோட்டில் ஏதாவது கார் சத்தம் கேட்டால் போதும், எழுந்து தண்ணீர் கேட்டு வாய் கொப்புளிப்பார். அப்புறம் கார் போய்விடும். மதியத்துக்கு மேல் நான் அழுது, திட்டி, இரண்டு வாய் கஞ்சி ஊற்றுவேன். ஞாயிறு வந்தது. சாவி மட்டும் வந்தது. டிரைவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நன்மையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். "ஃபாதர் வாணாம்னு சொல்லிட்டாரு இல்ல? அவரு கையால வாங்கிக்கறேன்" என்றார். திருப்பிக் கொண்டுபோய்ப் பேழையில் வைத்தேன். என் கையிலிருந்த ஆண்டவரை என் புருஷனுக்குக் கொடுக்க முடியாமல் செய்தார்கள், அந்த வெல்வெட் பெட்டியில் இடி விழ.

என்னோடு லைனில் இருக்கிற அக்தரி பேகம் பார்க்க வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நாங்க நோன்பு வெச்சாக்கூட சாயந்தரம் பாங்கு சொன்னா தொறந்துடுவோம்கா. ஒங்க ஃபாதரு எப்போதான் பாங்கு சொல்லுவாரு?"

தேவசகாயத்துக்கே அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இருமல் வந்து, அது நிற்கவே இல்லை.

மறுநாள் காலையிலிருந்து அவருக்கு மூச்சு எட்டவில்லை. ஃபாதருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன். 'சற்றுப் பொறுமை. செபத்தில் நிலைத்திருங்கள்.' மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தேவசகாயம் என் கையைப் பிடித்து, "வாய் கொப்புளிச்சிட்டேன்னு அவருகிட்ட சொல்லு" என்றார். அதுதான் கடைசி. வெறும் வயிற்றோடு போய்விட்டார்.

செத்துப்போனார் என்று மெசேஜ் அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. அடக்கத்துக்கு வர இயலாத நிலை, மறையுரை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது என்று ஒரு ஆடியோ. சாயங்காலம் கல்லறையில் தனகோடி சின்ன ஸ்பீக்கரில் அதைப் போட்டார். எல்லோரும் எழுந்து நின்றோம்.

"கிறிஸ்துவில் பிரியமானவர்களே, நமது அன்புச் சகோதரி தேவசகாயம் தன் பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்த்து, மாதா சபையின் உறுப்பினராக இருந்து... போதும்பா, போதும், அந்த ஓரத்துப் பீஸ மட்டும் வை... இறுதி வரை ஆன்மிகப் பசியோடு வாழ்ந்தார். தால்ச்சா இந்தப் பக்கம். அந்தப் பசியை ஆண்டவர் ஆற்றுவார்."

நடுவில் இன்னொரு குரல். மூக்கடைத்த, கரகரப்பான குரல்: "நன்று, நன்று. நாக்கில் வைத்ததும் கரைகிறது."

"ஆமென்" என்றார்கள் ஜனங்கள். பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் மண் அள்ளிப் போட்டேன்.

அந்த ஆடியோவை அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் கேட்டேன், கம்பெனிக் கேன்டீனில் கேட்டேன். பிரியாணிப் பந்தியில் கேட்கிற அந்த ஓரத்துப் பீஸும் தால்ச்சாவும் எனக்கு மனப்பாடம். அந்தக் கரகரத்த குரல் ஏதோ கல்யாண வீட்டுப் பெரியவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து ஊர்த் திருவிழா வந்தது. மறைமாவட்டத்துக்குப் புதிதாக வந்த ஆயர், அதாவது பிஷப், எங்கள் கிளைக்கோயிலுக்கு வரப்போகிறார் என்றார்கள். என் புருஷன் சாகிற வரைக்கும் எங்கள் ஊருக்கு வழி தெரியாத ஃபாதர் தானியேலுக்கு, பந்தல் போடுகிற வாரம் முழுக்க வழி தெரிந்தது. தினமும் வந்தார். வளைவு, சீரியல் லைட், ஆயருக்குப் பிரியாணி என்று எல்லாவற்றையும் அவரே நின்று பார்த்தார்.

என்னைக் கூப்பிட்டார். "வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டேம்மா. கடவுள் சித்தம்" என்றார். அதே மூச்சில், "நம்ம குரல்வழி மறையுரைத் திட்டத்தை ஆயருக்கு டெமோ காட்டணும். மத்த பங்குங்களுக்கும் இத எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன். நான் அனுப்புனதுல நல்ல உருக்கமானதா ஒண்ணு எடுத்து வை. கேக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்."

"கலங்குற மாதிரியே ஒண்ணு இருக்குங்க ஃபாதர்" என்றேன். தான் பேசியதைத் தானே கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ரொம்ப சந்தோஷமாகப் போனார்.

திருவிழா அன்று ஆயர் இறங்கினார். மேளம், மாலை, பொன்னாடை. ஜனங்கள் வரிசையாக வந்து, சர்க்குலர்படி முதலில் நாற்காலிக்கு வணக்கம் சொன்னார்கள். பக்கத்திலேயே ஃபாதர் முழு உருவமாக நின்றுகொண்டிருந்தார், அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆயருக்கு அந்த ஒழுங்கு பிடித்துப்போயிற்று. நீட்டிய மைக்கில் வாயைத் திறந்தார்.

"நன்று, நன்று."

ஆடியோவில் கேட்ட அதே குரல். அதே மூக்கடைப்பு, அதே கரகரப்பு. திரும்பிப் பார்த்தேன். மைக்செட் பக்கத்தில் தனகோடி சிலை மாதிரி நின்றிருந்தார். கிட்டே போனேன்.

"யக்கா, இந்தக் கொரலு..."

"ஆமாண்ணே."

"அப்போ ஆடியோவ இன்னா பண்றது? போடவா, வாணாவா?"

அதுவரை என் கோபமெல்லாம் ஃபாதர் ஒருவர் மேல்தான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்த ஒருவருக்கு விரித்த வலையில் பக்கத்து இலைக்காரரும் சேர்ந்து விழுந்தார். எனக்கு அன்றைக்கு நல்ல நாள்.

"சத்தத்த ஜாஸ்தி வெச்சுப் போடுங்க" என்றேன்.

பூசையில் ஆயர் பிரசங்கம் வைத்தார். ஒறுத்தலைப் பற்றி. அது முடிந்ததும் ஃபாதர் மைக்கைப் பிடித்தார்.

"மேதகு ஆயர் அவர்களே! ஒரு குருவின் உடல் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் அவர் குரல் எங்கும் இருக்கலாம். எங்கும் இருப்பவர் கடவுள் ஒருவரே என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம். இந்தத் திட்டத்தால் குருக்களுக்கு அலைச்சல் மிச்சம், மக்களுக்குக் காத்திருப்பு மிச்சம். இதோ கேளுங்கள்."

மக்கள் எழுந்து நின்றார்கள். தெருக்கோடி வரை கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் ஃபாதரின் குரல் கிளம்பியது. 'நமது அன்புச் சகோதரி தேவசகாயம்' என்றதுமே ஃபாதரின் முகம் சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோல் மாதிரி வெளுத்தது.

"தனகோடி! நிறுத்து! நிறுத்துய்யா!"

"நடுவுல நிறுத்துனா குத்தம்னு நீங்கதான ஃபாதர் சர்க்குலர் போட்டீங்க?" என்றார் தனகோடி கைகட்டி.

ஓரத்துப் பீஸ் வந்தது. தால்ச்சா வந்தது. பிறகு, ஊரே கேட்கிற மாதிரி, மாரியம்மன் கோயில் வரைக்கும் கேட்கிற மாதிரி: "நன்று, நன்று. நாக்கில் வைத்ததும் கரைகிறது."

அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் ஆயர் பக்கம் திரும்பின. அவர் தன் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"ஆமென்" என்றது ஊர். இந்தத் தடவை பழக்கத்தில் சொல்லவில்லை.

"இது ஏதோ தொழில்நுட்பக் கோளாறு" என்றார் ஆயர். அதுவும் அதே குரலில்தான் வந்தது. வாயைத் திறக்கத் திறக்க ஊர்ஜிதமானது. அதற்குப் பிறகு பூசை வேகமாக ஓடியது.

நன்மை கொடுக்கிற நேரம். ஆயர் நடுவில், ஃபாதர் வலது பக்கம், திருவிழாக் கூட்டம் என்பதால் நானும் ஒரு பாத்திரத்தோடு இடது பக்கத் தூண் ஓரம். முதலில் எழிலரசி வந்தாள். ஆயர் அப்பத்தை எடுத்து உயர்த்தினார். அவள் நாற்காலிக்கு முறைப்படி ஒரு வணக்கம் சொன்னாள். அப்படியே திரும்பி, என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே செய்தார். அதற்குப் பின்னால் வந்தவரும். நான் ஒருத்தருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வரிசை வாசலைத் தாண்டி வளைவு வரைக்கும் போயிற்று. நடுவிலும் வலது பக்கத்திலும் சிமெண்டுத் தரைதான் இருந்தது.

இரண்டு பேரும் விரலில் அப்பத்தைப் பிடித்தபடி நின்றார்கள். கீழே வைக்கவும் முடியாது, உள்ளே போகவும் முடியாது. பந்தலில் யாரோ பிரியாணி டேக்ஸாவின் மூடியைத் திறந்தார்கள். வாசனை கோயிலுக்குள் வந்தது. வரிசை அசையவில்லை.

ஆயர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் ஓரமாக நகர்ந்து என் காதுக்குக் கிட்டே வந்தார்.

"மெர்சி, பாதிப் பேர அந்தப் பக்கம் திருப்பி வுடும்மா. ஆயர் பாவம், காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. வெறும் வயிறு."

அவரை ஏற இறங்கப் பார்த்தேன். கூப்பிய கையைத் தவிர வேறு எதற்கும் எனக்கு அனுமதி இல்லை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தூண் ஓரத்திலேயே நின்று, நன்மைப் பாத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, லைனில் பேசுகிற தொண்டையில் சொன்னேன்.

"சற்றுப் பொறுமை, ஃபாதர். செபத்தில் நிலைத்திருங்கள்."

அடுத்தவர் வாய் கொப்புளித்த ஈரத்தோடு வந்து நின்றார். அவர் நாக்கில் நன்மையை வைத்தேன்.